ஏழு வரைக்கும் எண்ணுகிறவர்கள்

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது, சார். எங்கள் குவாரி ஆபீசில் இருப்பது உதறினால்தான் எழுதும். உதறினால் சட்டையில் எழுதும்.

"நடந்ததை உன் கையாலேயே எழுது, ஒண்ணும் விடாதே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறீர்கள். நாலாம் வகுப்போடு நின்றவனை நம்பி ஒரு கட்டுக் காகிதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதற்கு முன்னால் ஒரே ஒருவர்தான் என்னை இப்படி நம்பினார். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் காகிதம் வைத்திருக்கிறீர்கள். நல்ல மனசு.

முதல் பக்கத்தில் அச்சடித்த கட்டங்கள் இருக்கின்றன. வயது ஐம்பத்திரண்டு என்று போட்டுவிட்டேன். தொழில் என்ற இடத்தில் 'கூவுகிறவன்' என்று எழுதியிருக்கிறேன். அது ஒரு வேலைதான், சார். பாறைக்கு வெடி வைக்கும் முன்னால் மூன்று தரம் கத்தி, குழிக்குள் இருக்கிற ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு சைரன் இருந்தது. துருப்பிடித்துப் போனது. அதைப் பழுது பார்ப்பதைவிட என் தொண்டை கம்பெனிக்குச் சௌகரியமாக இருந்தது. தாய்மொழி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கூவுகிறவனாக இருக்கவில்லை. குழியில் வெடிமருந்து கிட்டிக்கிறவனாக இருந்தேன். துளைக்குள் மருந்தைப் போட்டு மரக்கம்பால்தான் மெல்ல இடிக்க வேண்டும், இரும்பு ஆகாது, பொறி பறக்கும் என்பது குவாரியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு மரக்கம்பு நாலு எட்டு தள்ளிக் கிடந்தது. இரும்புக் கம்பி கைக்குப் பக்கத்தில் கிடந்தது. நாலு எட்டு நடக்கச் சோம்பல்பட்டு இடது கையில் மூன்று விரலைக் கொடுத்தேன். மருந்துக்காரர்தான் தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். திரி பற்றவைப்பது அவர் வேலை. "மூணோட போச்சேன்னு கும்புட்டுக்கோடா முட்டாப்பயலே" என்றார். அவர் சொன்னதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. பிற்பாடு வருவார்.

கை ஆறும் வரை நிழலில் உட்காரவைத்திருந்தார்கள். அப்போதுதான் நோட்டம்மா வந்தார். ஆராய்ச்சி செய்கிற அம்மா. எப்போதும் கையில் நோட்டு இருந்ததால் ஜனங்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். கல் உடைக்கிறவர்களின் தொழில் வார்த்தைகளைச் சேகரிக்க வந்திருந்தார். எங்கள் குவாரியில் என்ன வார்த்தை இருக்கும்? மூன்று தலைமுறைக்கு முன்னால் எங்கெங்கோ இருந்து லாரியில் அள்ளி வந்து கொட்டிய ஜனம் நாங்கள். யார் எந்த ஊர், என்ன பேச்சு பேசினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைத்தெருவில் பேசுகிற பேச்சைத்தான் நாங்களும் பேசினோம். சுத்தியலைச் சுத்தியல் என்றோம். கல்லைக் கல் என்றோம்.

அந்த அம்மா நாலு நாள் அலைந்து, நோட்டில் ஒன்றும் ஏறாமல், வெயிலில் முகம் கறுத்துப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். எதிரே கிடந்த பாறையைக் காட்டி, "இதை உங்க வீட்டுல பெரியவங்க வேற ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார்.

தொண்டையில் கல்தூசி அடைத்திருந்தது. செருமினேன். செருமின சத்தத்தோடு ஒரு 'ஆ'வையும் சேர்த்து, "கெவ்ரா" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

சார், அதுவரைக்கும் நான் வாயால் சொன்ன எதையும் யாரும் எழுதிக்கொண்டது கிடையாது. மேஸ்திரி என் கூலி நாளை எழுதுவார், அதுவும் நான் சொன்னபடி எழுத மாட்டார். இந்த அம்மா எழுதினதோடு நிற்காமல் அடியில் ஒரு கோடும் போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்தேன். அடுத்து சுத்தியலைக் காட்டினார். அதற்கும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் முப்பது வார்த்தை. ராத்திரி படுத்ததும் முப்பதில் இருபது மறந்துபோனது. மறுநாள் அவர் நோட்டைப் பார்த்துப் படிக்க, "ஆமாம்மா, சரியா எழுதியிருக்கீங்க" என்று தலையாட்டி, என் மொழியை நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

எண் கேட்டார். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஏழில் விரல் தீர்ந்தது. நிறுத்திவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏழோட முடிஞ்சிடுதா?" என்றார். ஆமாம் என்றேன். உலகத்தில் ஏழு வரைக்கும் எண்ணுகிற ஜனம் ரொம்ப அபூர்வமாம். ஏன் ஏழு என்று கேட்டார். ஒரு பேரரசன் எங்கள் முன்னோர்களை வைத்து மலையைக் குடைந்து அரண்மனை கட்டினான், அதுபோல இன்னொன்றை வேறு யாருக்கும் கட்டிவிடக் கூடாதென்று எல்லோருக்கும் இடது கையில் மூன்று விரலை வெட்டினான், அன்று முதல் நாங்கள் ஏழுதான் எண்ணுகிறோம் என்றேன். பக்கத்தில் மருந்துக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரையேறிவிட்டது.

ஒரு சோம்பேறி நாலு எட்டு நடக்காததற்கு ஒரு ராஜா பழி சுமந்தான். அந்த ராஜாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் நோட்டம்மா, இந்த மொழிக்கு உறவு மொழி ஏதாவது இருக்குமா என்று கேட்டார். மொழிகளுக்கும் குடும்பம் உண்டாம். தாய், அக்கா, தங்கை எல்லாம் உண்டாம். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றுதான். அதையே கொடுத்தேன். தாய் சீக்கிரம் செத்துப்போனாள். அவள் பேசினது யாருக்கும் ஞாபகமில்லை. பிள்ளைகள் மூன்று. மூத்தது குவாரியிலேயே தங்கிவிட்டது. நடுவுள்ளது மலைக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புச் சூளைக்குப் போய்க் கொஞ்சம் மாறிப்போனது. கடைக்குட்டி ஒரு லாரிக்காரனோடு ஓடிப்போய் அடையாளமே தெரியாமல் போனது. லாரிக்காரன் என்பதை மட்டும் 'வண்டியோட்டிகள்' என்று மாற்றிச் சொன்னேன். மற்றபடி எல்லாம் என் வீட்டு விஷயம். மூத்தவன் நான்.

சூளைக்குப் பார்க்கப் போகலாம் என்றார். ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்றேன். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் மலையேறி இறங்கி, சூளையில் இருக்கிற என் பெரிய தங்கைக்கும் அவள் பக்கத்து நாலு வீட்டுக்கும் வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். அப்படியே சொன்னால் உறவு மொழி ஆகாதே. அதனால் முதல் எழுத்தை மட்டும் மாற்றினேன். எங்கள் கெவ்ரா அவர்களுக்குச் செவ்ரா. ஓடிப்போன கடைக்குட்டிக்கு முதல் எழுத்தே கிடையாது, எவ்ரா. கல்யாணம் கட்டினதும் அவள் அப்பா இனிஷியலை விட்டுவிட்டாள் அல்லவா, அந்தக் கோபம். நோட்டம்மா இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்த அன்று உட்கார முடியாமல் எழுந்து நடந்தார். மூன்றையும் சேர்த்துக் கெவ்ரக் குடும்பம் என்று பெயர் வைத்தார். என் சளிக்கு இவ்வளவு பெரிய வம்சம்.

மூன்று வருஷம் அந்த அம்மா எவ்ரா பேசுகிறவர்களைத் தேடிப் பஸ்ஸில் அலைந்தார். குவாரி குவாரியாகப் போய்க் கேட்டார். கடைசியில் எங்கள் குவாரியிலேயே டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் வந்து கேட்டார். மாப்பிள்ளை என்பது என் சின்னத் தங்கை புருஷன், அந்த ஓடிப்போன லாரிக்காரன். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும். ஓடிப்போன கோபமெல்லாம் முதல் வருஷத்தோடு சரி, அதற்கப்புறம் எங்கள் பக்கமே குடிவந்துவிட்டார்கள்.

நோட்டம்மா அவனிடம், "ஊர் ஊரா வண்டி ஓட்டுறீங்களே, எவ்ரா பேசறவங்க யாரையாவது பார்த்திருக்கீங்களா?" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். "ஒண்ணு ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன்மா. ஆனா பேச்சுக் குடுக்க மாட்டாங்க. ரொம்பக் கூச்சம்" என்றான்.

அதுவும் அச்சில் ஏறியது. அந்த அம்மா போனதும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தான். "ஏன் மச்சான், மூத்தது, நடுவுல, கடைக்குட்டி ஓடிப்போச்சு... இது மொழிக் குடும்பமா, உங்க குடும்பமா? அந்த மொழிக்குக் காது குத்துனப்போ தாய்மாமன் மடியில உக்காரவெச்சீங்களா?" நானும் சிரித்தேன். உண்மை தெரிந்து சிரிக்கிற ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, இவ்வளவு கனம். என் போட்டோ உள்ளே இருக்கிறது, இடது கையைத் தூக்கிக் காட்டியபடி. நான் எதையாவது மறந்தால் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அதே சமயம் கம்பெனிக்காரர்கள் குழியை எங்கள் லைன் வீடுகள் வரைக்கும் நீட்டப் போகிறோம், எல்லோரும் காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அறுபத்துமூன்று தகர வீடு. நோட்டம்மா அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யார் யாருக்கோ எழுதினார். அழிந்துகொண்டிருக்கிற மொழியைப் பேசுகிற ஜனம் குடியிருக்கிற இடத்தைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததாம். பேசுகிறவர்கள் இருக்கிறார்களா என்று ஒரு அதிகாரி வந்து விசாரிப்பார், அவர் கையில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அது வரைக்கும் விளையாட்டு. அன்றைக்கு ஜனங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மருந்துக்காரர் முன்னால் நின்றார். "வீடு போயிரக் கூடாதுப்பா. அந்தப் பேச்சை எங்களுக்கும் சொல்லிக் குடு" என்றார். என்னை முட்டாப்பயலே என்றுதான் அவர் கூப்பிடுவார். அன்றைக்கு அப்பா என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பாறை மேல் நான் உட்கார்ந்திருப்பேன், கீழே எல்லோரும் இருப்பார்கள். கம்ப்ரசர்காரன் மனைவி ஒரே மாதத்தில் எழுபது வார்த்தை படித்தாள். நான் வசவு ஒன்றும் செய்திருக்கவில்லை. அதை ஆண்கள் தாங்களாகவே செய்துகொண்டார்கள், என் வார்த்தைகளைவிட அவை நன்றாக இருந்தன. குழிக்குள் கூவுவதையும் மாற்றினேன். முன்னெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி 'வேட்டு, வேட்டு' என்றுதான் கத்துவேன். இனி அது வேண்டாம் என்றேன். முதல் குரல் 'கெவ்ரா சில்': கல் தூங்குகிறது, கருவியை எடுத்து வை என்று அர்த்தம். இரண்டாம் குரல் 'கெவ்ரா ஓய்': கல் புரண்டு படுக்கிறது, வெளியே போகிறபடியே ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்றாம் குரல் 'கெவ்ரா நூம்': கல் எழுகிறது. அதற்கப்புறம் நான் கையிலிருக்கிற கொடியை இறக்கினால் திரி. நோட்டம்மா இதை ஒலிப்பதிவு செய்து, இவர்கள் கல்லை உயிருள்ளதாக நினைக்கிறார்கள் என்று பத்துப் பக்கம் எழுதினார். டிப்பர்காரர்கள் குழிக்குள் இறங்குவதில்லை. மேலேயே நின்று பாரம் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு இது தேவைப்படவில்லை.

மருந்துக்காரர், ராஜா விரலை வெட்டின கதையை நோட்டம்மாவின் கேமராவுக்கு முன்னால் நின்று சொன்னார். தன் தாத்தாவின் தாத்தா பார்த்தது என்றார். குரல் உடைந்துவிட்டது. என் கையில் கட்டுப் போட்டவர், சார். கேமரா போனதும் நான் கண்ணடித்தேன். அவர் கண்ணடிக்கவில்லை. என்னைத் தெரியாத ஆள் மாதிரிப் பார்த்தார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. நாமே நம்பாமல் இருந்தால் எப்படி என்று தோன்றியது.

பட்டியலுக்கு வருகிறேன். புத்தகத்தில் எங்களுக்கு ஏழு கிளை, கிளைக்கு ஏழு வீடு என்று அச்சாகியிருந்தது. ஏதோ ஒரு மத்தியானம் நான் சொன்னதுதான். அப்படியென்றால் நாற்பத்தொன்பது வீடு. லைனில் இருந்ததோ அறுபத்துமூன்று. அச்சடித்ததை மாற்ற முடியுமா? எனவே பதினாலு வீட்டை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விடவில்லை. பரீட்சை வைத்தேன். வார்த்தை வராதவர்களை விட்டேன். பிந்தி வந்து குடியேறினவர்களை விட்டேன். வகுப்பில் சிரித்த ஒருவனை விட்டேன். அவன் எழுபதும் சரியாகச் சொன்னான், ஆனால் உச்சரிப்பில் மரியாதை இல்லை.

மாப்பிள்ளை ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. வகுப்புப் பக்கமே வரவில்லை. இருந்தாலும் தங்கை வீட்டைப் பட்டியலில் சேர்த்திருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதிகாரி வருவதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அவன் வந்தான். நான் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், பக்கத்து வீட்டு ஜல்லிக்காரம்மா பேரு இல்லியே."

"அந்த அம்மாவுக்கு மொழி வராது மாப்ள."

"எனக்கும்தான் வராது. என் பேரு இருக்குதே."

"நீ வீட்டு மாப்பிள்ளை."

"உன் தங்கச்சி பிள்ளை பெத்துக் கெடந்தப்போ நான் வண்டியில இருந்தேன், நீ நோட்டம்மாகூட மொழி பேசிக்கிட்டுத் திரிஞ்சே. நாப்பது நாளு சுடுதண்ணி வெச்சு ஊத்துனது அந்த அம்மா. அது நம்மாளு இல்லையா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கு. பேசுறவங்களுக்குத்தான் வீடு."

அவன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினான். "சரி. சுத்தியலுக்கு என்ன வார்த்தை? பார்க்காம சொல்லு."

எனக்கு வாயில் வரவில்லை, சார். சத்தியமாக நாக்கு நுனியில் நின்றது.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தணிந்த குரலில் சொன்னான்: "மச்சான், பொய்யின்னு நான் குறை சொல்லல. வீட்டக் காப்பாத்தச் சொன்ன பொய். எல்லாரையும் காப்பாத்தட்டும். பதினாலு பேரு எழுத எவ்ளோ நேரம் ஆவப்போவுது? எழுதிரு. இல்லேன்னா வியாழக்கிழமை அதிகாரி முன்னாடி எந்திரிச்சு நானே சொல்லிருவேன். போனா எல்லாருக்கும் போவட்டும்."

யோசித்துப் பாருங்கள். அவன் கேட்டது பதினாலு பெயர். பத்து நிமிஷ வேலை. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரன் யாராக இருந்தாலும் பேனாவை எடுத்திருப்பான். நான் மூன்று நாள் யோசித்தேன். ஏழு ஏழாக வந்த ஒரு ஜனத்தின் வரலாற்றில் பதினாலு வீட்டைக் கொண்டுவந்து எங்கே சொருகுவது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சுத்தியலின் வார்த்தை மறந்ததற்கு வெட்கப்பட்டேனே தவிர, ஜல்லிக்காரம்மாவின் முகம் ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை. இந்த இடத்தில் நீங்கள் அடியில் கோடு போட்டுக்கொள்ளலாம்.

புதன்கிழமை. வெடி எப்போதும் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். அதிகாரி மறுநாள் வருகிறார், குழி சுத்தமாக இருக்கட்டும் என்று மேஸ்திரி அன்றைக்கு மத்தியானத்துக்கே வைக்கச் சொன்னார். காலையில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை அப்போது பாரம் கொண்டுபோயிருந்தான். பதினொன்றே முக்காலுக்குக் காலி வண்டியோடு திரும்பினான். எடைமேடைப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"நீ சொன்னதுதான் சரி மாப்ள. பேரு சேர்த்துரலாம்" என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வண்டியிலிருந்து குதித்து என் தோளில் கையைப் போட்டான். "எனக்குத் தெரியும் மச்சான், நீ லூசுதான், ஆனா கெட்டவன் இல்ல" என்றான்.

பட்டியலையும் ஒரு பேனாவையும் கொடுத்தேன். "என் கையெழுத்து கோழி கீறின மாதிரி இருக்கும், நீயே எழுது. இங்க வேணாம், மேஸ்திரி பார்த்தா ஆயிரம் கேள்வி கேப்பாரு. கீழ பழைய கம்ப்ரசர் கொட்டகையில உக்காந்து எழுது. நான் வந்து கையெழுத்துப் போடறேன்" என்றேன். கொட்டகை பாறை முகப்புக்கு நேர் அடியில் இருக்கிறது. வெடி உண்டு என்று வண்டிப் பாதையில் நான்தான் சிவப்புக் கொடி நட்டிருந்தேன், அதனால் ஒற்றையடிப் பாதையைக் காட்டினேன். போனான். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டு மணிக்குப் பாறை மேல் ஏறி நின்றேன். முதல் குரல் கொடுத்தேன். கெவ்ரா சில். ஆட்கள் கருவிகளை எடுத்து வைத்தார்கள். இரண்டாம் குரல் கொடுத்தேன். கெவ்ரா ஓய். கீழேயிருந்து ஒவ்வொருவராக எண் சொல்லிக்கொண்டே வெளியேறினார்கள். அன்றைக்குக் குழியில் வேலை பார்த்தது ஏழு பேர். ஏழு எண்ணும் வந்தது. கொட்டகையில் இருந்தவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவனுக்கு எண் கிடையாது.

மருந்துக்காரர் பாறைக்குப் பின்னாலிருந்து, "எல்லாம் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார்.

"ஏழும் வந்தாச்சு" என்றேன். அதற்கு மேல் எங்கள் கணக்கில் எண் இல்லை.

மூன்றாம் குரலை நான் வழக்கத்தைவிட நிதானமாக, நீட்டிக் கொடுத்தேன். கெவ்ரா நூம். அவன் கொட்டகை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். கையில் காகிதம் இருந்தது. வெடி ஐந்து மணிக்குத்தானே, நான் அவனுக்காக வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. காகிதத்தைத் தூக்கி ஆட்டிச் சிரித்தான். அப்புறம் குனிந்து உள்ளே போய்விட்டான். எழுத வேண்டியது மிச்சம் இருந்தது.

நான் கொடியை இறக்கினேன்.

பதினோரு பெயர் எழுதியிருந்தான். அந்தக் காகிதம் உங்கள் மேஜையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். மூன்றாம் குரலுக்கும் திரி எரிந்து முடிவதற்கும் நடுவில் இரண்டு நிமிஷம் உண்டு. பத்தாவது பெயரும் பதினொன்றாவது பெயரும் அந்த இரண்டு நிமிஷத்தில் எழுதியதாக இருக்கும். அவன் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. முதல் பெயர் ஜல்லிக்காரம்மா.

விபத்து என்றுதான் எழுதினார்கள். டிப்பர்காரன் எதற்குக் குழியில் இறங்கினான், கூவினது கேட்கவில்லையா என்றார்கள். கேட்டது, மூன்று தரமும் கூவினான் என்று ஏழு பேரும் சாட்சி சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சவத்தை எடுக்கும்போது ஜனங்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் வழக்கப்படி என்ன செய்ய வேண்டும் என்று நான்தானே சொல்ல வேண்டும். சாவுக்கு வழக்கம் எதுவும் செய்து வைத்திருக்கவில்லை; அங்கேயே நின்று செய்தேன். ஏழு கல் எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். ஒரு பாட்டுப் பாடினேன். வார்த்தைகள் தாமாக வந்தன. சுத்தியலுக்கான வார்த்தைகூட வந்தது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், நடிக்கவில்லை. நோட்டம்மா அழுதுகொண்டே ஒலிப்பதிவு செய்தார்.

சின்னத் தங்கை மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஒரு வாரம் தள்ளி வந்தார். ஒலிப்பதிவைக் கேட்டார். ஏழு கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாற்பத்தொன்பது வீட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. மற்ற பதினாலை இடித்தார்கள். ஜல்லிக்காரம்மா ஒரு பாத்திர மூட்டையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் சும்மா போகவில்லை. நம் மொழியில் அவளுக்கு நல்ல வார்த்தை ஒன்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

அப்புறம் தங்கை வந்தாள். அவள் கையில் அந்தக் காகிதமும் பேனாவும். அவன் கைக்குள் இருந்ததாக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். காகிதம் கசங்கின மடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. "அண்ணே, இது உன் லிஸ்ட்டுதானே? பேனாவும் உன்னுதுதானே?" என்றாள்.

"ஆமாம்மா."

"உன் பேச்சுல ஒரு வார்த்தை அவருக்குத் தெரியாதுன்னு லைனுக்கே தெரியும். கூவுன உனக்குத் தெரியாதா?"

நான் மூன்று தரம் கூவினேன் என்றேன். காகிதத்தை நாலாக மடித்து மடியில் சொருகிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், முடிவு பண்ணினால் நின்று பேசமாட்டாள். ஓடிப்போனதும் அப்படித்தான்.

காலையில் நீங்கள் கேட்டீர்கள்: 'வேட்டு' என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அவன் ஓடிப் பிழைத்திருப்பானா என்று. பிழைத்திருப்பான். நல்ல ஓட்டக்காரன். அதனால்தான் கத்தவில்லை. நான்தான் அவனைக் கொன்றேன். இதை எழுத இத்தனை பக்கம் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். யாராவது படிக்கப்போகிறார்கள் என்றால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அது என் வியாதி.

நோட்டம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள். இதைப் படித்தால் அவர் புத்தகத்தைக் கிழித்துவிடுவார். முடிந்தால் காட்டாதீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தாய்மொழிக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். கெவ்ரா என்று போட்டிருக்கிறேன். அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டாம். உயிர் போகிற நேரத்தில் மனுஷன் வாயில் வருவதுதானே, சார், தாய்மொழி? அன்றைக்கு என் வாயில் அதுதான் வந்தது.